கன்று கைக்கு வருதல்: கம்பம் பள்ளத்தாக்கின் பழக்கு முறைகளும் அளவைகளும்

தேனி மாவட்டத்தில் இளங்காளையைப் பழக்கும் முறைகள் நான்கு: மலையடிவாரத் தொழு, ஏரும் பார வண்டியும், பந்தய வண்டி, வாடிவாசல். குரங்கணிக்கு மேலே மலைப்பாதைகளில் பொதி சுமக்கும் குதிரையையும் கோவேறு கழுதையையும் பழக்குவதைச் சேர்த்தால் ஐந்து. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் வழியில், ஏலமலைச் சரிவுக்குக் கீழே சிலமலை, ராசிங்காபுரம் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்கள் இந்த ஐந்துக்கும் நடுவில் இருக்கின்றன. மேற்கே ஏறினால் மலைமாடு மேய்ந்த காடு. தெற்கே போனால் கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழு. போகும் வழியிலேயே பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி வாடிவாசல்கள்.

எல்லா முறைக்கும் தொடக்கம் ஒன்றுதான்: கன்று மனிதக் கைக்கு வரவேண்டும். அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன. கற்றுக்கொடுக்கும் பாடங்களைப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. எதை அடக்காமல் விட்டுவைக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். உழவு மாட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. பந்தயக் கன்றில் ஓட்டத்தை விட்டுவைக்கிறார்கள். வாடி மாட்டில் அந்நியர் மீதுள்ள சீற்றத்தை விட்டுவைக்கிறார்கள். தொழு மாட்டில் அநேகமாக எல்லாவற்றையும்.

தேர்வு

இப்பகுதியில் பழக்கப்படும் கன்றுகள் பெரும்பாலும் மலைமாடு, புலிக்குளம், காங்கேயம் ஆகிய இனங்களையும் இவற்றின் கலப்பையும் சேர்ந்தவை. மலைமாடு சிறுகூடு, கெட்டிக் குளம்பு, எந்த மேட்டிலும் ஏறும். புலிக்குளம் கிடை மாடாக வளர்ந்த இனம். அறுவடை முடிந்த வயல்களில் இரவு அடைத்து உரம் போடுவதற்காகக் கீதாரிகள் ஊர் ஊராக ஓட்டிச் சென்றவை. காங்கேயம் கொங்கு நாட்டுச் சரக்கு. பாரத்துக்கும் ரேக்ளாவுக்கும் பேர்போனது. மந்தையில் பிறந்த கன்றுக்கும் வீட்டுக் கொட்டிலில் பிறந்த கன்றுக்கும் உள்ள தூரம், இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. மந்தைக் கன்று மற்ற மாடுகளைப் பார்த்துப் படிக்கும். வீட்டுக் கன்று மனிதரைப் பார்த்துப் படிக்கும். பழக்க வாங்குபவர் இனத்தை விசாரிப்பதற்கு முன் அது எங்கே பிறந்தது என்று விசாரிப்பது நல்லது.

சந்தையில் நடப்பது வேறு. அங்கே முதலில் பார்ப்பது சுழி. கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி, ஏறுபூரான், விரிசுழி என்றால் விலை ஏறும். துடைப்பச் சுழி, இறங்குபூரான், முக்கண் சுழி, நாகபடச் சுழி என்றால் எவ்வளவு நல்ல கன்றும் விலை போகாது. வீட்டுக்கு ஆகும் ஆகாது என்ற கணக்கில் சொல்லப்படும் இந்தப் பலன்களுக்கு ஆதாரம் ஏதும் கிடையாது. ஆனால் சுழிக்கும் சுபாவத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை மட்டும் அப்படியே தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே அமைந்த மாடுகள், பிடித்து நிறுத்தும்போது மற்றவற்றைவிட அதிகம் மிரண்டதாகக் கண்டார்கள். குதிரைக்காரர்களும் இதுபோல நெற்றிச் சுழியைப் பார்ப்பதுண்டு. பலன் சொல்வதை விட்டுவிட்டு, மிரட்சி எவ்வளவு என்று அறிய மட்டும் சுழியைப் பார்ப்பவர் ஓரளவு சரியான இடத்தைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களை வைத்து வயது சொல்வார்கள். பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்கும்போது ஏறத்தாழ 2 வயது. ‘ரெண்டு பல்’ என்பார்கள். நாலு பல்லுக்கு 3 வயது. ஆறு பல் ஆகி, எட்டும் நிரம்பிக் கடை சேர 4½, 5 வயது ஆகிவிடும். தீவனத்துக்கும் இனத்துக்கும் தக்கபடி சில மாதங்கள் முன்பின் இருக்கலாம். பழக்குவதற்கு ஏற்ற வயது பல் போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாரம் ஏற்றும் வயது அதற்கு வெகுகாலம் பின்னால் வருகிறது. இவை இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதுதான் இத்துறையில் நடக்கும் தவறுகளில் பாதி.

கொட்டிலில்

முதல் பாடம் தாய் மடியருகே தொடங்குகிறது. பால் கறக்கும் நேரத்தில் கன்றை அவிழ்ப்பவர், கட்டுபவர், கழுநீர்த் தொட்டிக்கு இழுத்துவருபவர் யாரோ அவரே அதன் முதல் வாத்தியார். பெரும்பாலான வீடுகளில் அது பெண்களும் பிள்ளைகளும். காளைக்குச் சொந்தக்காரர் என்று பந்தயத் துண்டறிக்கையில் பெயர் வருவது வேறொருவருக்கு.

கையை எங்கே வைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் பார்வை எட்டாது. அந்தத் திசையிலிருந்து வரும் கைக்கு உதைதான் பதில். நெற்றியை முதலில் தொடுவதும் ஆகாது. கன்று அதை முட்டுவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும். குட்டியில் விளையாட்டாகத் தோன்றும் அந்த முட்டல் இரண்டு வயதில் விளையாட்டாக இருக்காது. பழக்கமறிந்தவர் தோளருகே பக்கவாட்டில் நின்று, கழுத்தின் அடியில் தொங்கும் அலைதாடியைச் சொறிந்துகொடுப்பார். சற்று நேரத்தில் கன்று கழுத்தை நீட்டி, காதைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி நிற்கும். ‘சொக்கி நிக்கிது’ என்பார்கள். வியன்னாவில் கால்நடை நடத்தை ஆய்வாளர்கள் பசுக்களைத் தடவிப் பார்த்து 2008-ல் எழுதிய கட்டுரையிலும் இதே முடிவுதான்: கழுத்தின் அடிப்பக்கத்தைத் தடவும்போதுதான் மாடு அதிகம் கழுத்தை நீட்டிக் கொடுக்கிறது. பசுக்கள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அலைதாடியிலிருந்து முதுகு, முதுகிலிருந்து வயிறு, அங்கிருந்து கால், கடைசியாகக் காதும் வாயும். குளம்பைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்காத கன்றுக்குப் பின்னாளில் லாடம் கட்ட நாலு பேர் சேர்ந்து கயிறு போட்டுச் சாய்க்க வேண்டியிருக்கும்; ஆறு மாதக் கன்றாக இருக்கும்போது தினமும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்து இறக்கிவைத்தால் அந்தப் பாடு இல்லை. வாயைத் திறந்து பல் பார்ப்பதும் இப்படித்தான். மருத்துவர் ஊசி போட வரும் நாளில் இந்தச் சிறிய வேலைகளின் பலன் தெரியும்.

பெயர் வைத்துக் கூப்பிடுவதும் பாடத்தில் சேரும். காரி, செவலை, மயிலை, வெள்ளை என்று நிறத்தால் வரும் பெயர்கள் பல. ஒரே கொட்டிலில் இரண்டு செவலை இருந்தால் ஒன்றுக்கு வேறு பெயர் வந்துவிடும். பெயர் எதுவானாலும், அதைச் சொல்லும்போதெல்லாம் தவிடோ வெல்லமோ ஒரு கை புல்லோ கிடைக்க வேண்டும். பெயரைச் சொல்லி அடித்தால் கன்று பெயரைக் கேட்டதும் ஒதுங்கும்.

குதிரைக்குட்டி விஷயத்தில் இதே பாடத்தைக் கிரேக்கத் தளபதி செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். சவாரிக்குப் பழக்குபவரிடம் குட்டியை விடுவதற்கு முன், அதை வீட்டிலேயே மனிதருக்கு இணங்கியதாக ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. பசியும் தாகமும் ஈத்தொல்லையும் தனிமையோடு சேர்ந்து வரவேண்டும்; தீனியும் தண்ணீரும் தொல்லை தீர்வதும் மனிதரோடு சேர்ந்து வரவேண்டும். அப்போது குட்டி மனிதரைத் தேடும் என்கிறார். குட்டியைக் கூட்டத்தின் நடுவே நடத்திச் சென்று, எல்லாவித ஓசைக்கும் காட்சிக்கும் பழக்கச் சொல்கிறார். மிரண்டால் அடிக்காமல் அமைதிப்படுத்தச் சொல்கிறார். செனபோனின் பெயரைக் கேள்விப்படாத அடிவார ஊர்களிலும் கன்றைத் தனிமுளையில் கட்டி, தீனி வைக்க மட்டும் ஆள் போவது வழக்கம்தான். ஒரே வேலைக்கு ஒரே வழிதான் இருக்கிறது போலும்.

இப்பகுதிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஆனி, ஆடியில் மலை இடுக்குகளின் வழியே இறங்கும் காற்று இரவு பகலாக அடிக்கும். தென்னை ஓலை சரசரத்துக்கொண்டே இருக்க, தகரக் கூரை அடித்துக்கொண்டே இருக்க, கன்றின் காது எந்தப் பக்கமும் நிலைகொள்ளாது. புதுப் பாடம் எதையும் அந்த நாட்களில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

மூக்கணாங்கயிறு

ஒரு வயது தாண்டிய பிறகு மூக்குக் குத்துவார்கள். இரு நாசிக்கும் நடுவில், குருத்தெலும்பு தொடங்குவதற்கு முன்னால், விரலால் தடவினால் மெல்லிய தோலாகத் தட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. ஊசி அங்கே போக வேண்டும். சற்று உள்ளே தள்ளினால் குருத்தெலும்பு இடிக்கும், புண் ஆறாது. சற்று வெளியே வந்தால் பின்னாளில் மூக்கு அறுந்துவிடும். குத்திய இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து, வழுவழுப்பான நூல்கயிற்றைக் கோத்துக் கொம்புக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள்.

புண் ஆறும்வரை அந்தக் கயிற்றை யாரும் இழுக்கக் கூடாது. கழுத்துக்கயிற்றிலேயே பிடித்துச் செல்ல வேண்டும். இந்த விதி மீறப்பட்ட கன்றைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். மனிதக் கை முன்னே வந்தால் தலையை வானத்துக்குத் தூக்கும். கயிறு மாட்ட விடாது. கண்ணில் வெள்ளை தெரியும். அப்படிப்பட்ட கன்றை மறுபடி அலைதாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூக்கணாங்கயிறு அவசரத்துக்கான பிடி. அன்றாடம் கன்றை நடத்துவது குரலும் கழுத்துக்கயிறும்தான். கயிற்றைச் சுண்டிச் சுண்டி நடத்தப்படும் மாட்டின் மூக்குத் தோல் காய்த்துப் போய், அவசரத்தின்போது கயிறு பயன்படாமல் போகிறது.

தொழு

கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு பழக்கப்படாத மாட்டின் மரபு. கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் பேணிவரும் இந்த மந்தையைப் பற்றி 1906-ல் வெளியான மதுரை மாவட்டக் கெசட்டியரிலும், அதை ஒட்டி எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் தொகுதிகளிலும் விவரம் இருக்கிறது. மந்தைக்கு ஒரு பட்டத்துக்காளை உண்டு. அது இறந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே பதிவாகியிருக்கிறது: நல்ல நாளில் மந்தையைக் கூட்டி, சூடம் ஏற்றி, வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் படைத்து, மாடுகளின் முன்னே ஒரு கட்டுக் கரும்பு வைப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பை நாடுகிறதோ அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசி மாலை போட்டுப் பட்டம்.

சடங்காகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. சூடச் சுடர், கூட்டம், புது வாசனை இவ்வளவையும் தாண்டி முதலில் முன்வரும் காளை, மந்தையில் மிகக் குறைவாக மிரளும் காளை. அடி, கயிறு, நுகம் எதுவும் இல்லாமல் சுபாவத்தை மட்டும் பார்த்துப் பொறுக்கும் வழியாக இதைவிட நேரானது வேறொன்று இந்தப் பக்கத்தில் இல்லை. நேர்ந்துவிடப்பட்ட கன்றுகளும் இந்த மந்தையோடு சேர்கின்றன. மாட்டுப் பொங்கலன்று தொழுவுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கூட்டம் வரும்.

மலைமாட்டுத் தொழுக்களின் கதை அவ்வளவு நிம்மதியானதல்ல. காட்டில் மேய்ந்து மாலையில் அடிவாரப் பட்டிக்குத் திரும்பும் இந்த மந்தைகளில் கன்றுக்குக் கிடைக்கும் பழக்கம், மேய்ப்பரின் குரலுக்குத் திரும்புவது ஒன்றுதான். 2021-ல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க மந்தை கரைகிறது. வாடிக்கும் பந்தயத்துக்கும் கன்று கொடுத்துவந்த நாற்றங்கால் அது.

ஏரும் பாரமும்

டிராக்டர் வந்தபின் சுருங்கிப்போன முறை இது. எனினும் மற்றவை எல்லாம் கடன் வாங்கிக்கொண்டது இதனிடமிருந்துதான். புதுக்கன்றைப் பழகிய மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். முதலில் வெறும் நுகம்; பிறகு நுகத்தோடு ஒரு கட்டை; பிறகு வெறும் வண்டி; கடைசியாகப் பாரம். இடப்பக்கம் பழகிய மாட்டைக் கடைசிவரை இடப்பக்கமே கட்டுவது வழக்கம். உழும்போது சாலோடு நடக்கும் மாடும் மேட்டில் நடக்கும் மாடும் வேறு வேறு அடி வைக்க வேண்டும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

உழவு மாட்டைக் காயடிப்பது பொது விதி. கிட்டி போட்டு நசுக்கிய பழைய முறையின் இடத்தில், இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியக் கால்நடை மருத்துவர் பர்டிஸோவின் இடுக்கி வந்து அரசு கால்நடை மருத்துவமனைகளில் நிலைத்துவிட்டது. நல்ல ஏர்மாட்டுக்கு அளவை சுருக்கமானது: நில் என்றால் நிற்க வேண்டும், நுகத்தைத் தூக்கினால் தானே கழுத்தைக் கொடுக்க வேண்டும், பிள்ளை ஓட்டினாலும் பெரியவர் ஓட்டினாலும் ஒரே நடை நடக்க வேண்டும்.

சிட்டும் கரிச்சானும்

மாட்டுவண்டிப் பந்தயத்தில் தமிழ்நாட்டில் இரண்டு பெரும் பள்ளிகள் இருக்கின்றன. கொங்கு நாட்டு ரேக்ளா, நேர விளையாட்டு: வண்டி தனித்தனியாக விடப்படும், 200 மீட்டரோ 300 மீட்டரோ எத்தனை நொடியில் என்பதே கணக்கு. தென்மாவட்டப் பந்தயம், ஆள்பார்த்து ஓடும் விளையாட்டு: பல வண்டிகள் ஒன்றாகக் கிளம்பிச் சாலையில் மைல் கணக்கில் போய், எல்லையில் திரும்பி வரவேண்டும். முன்னதற்கு வேண்டியது வெடித்துக் கிளம்பும் வேகம். பின்னதற்கு வேண்டியது மூச்சு, பக்கத்தில் சக்கரம் உரசினாலும் மிரளாத மனம், வளைவில் அடியைக் குறைத்துக்கொள்ளும் அறிவு. கொங்குப் பயிற்சியில் சிறந்த காளை தேனிச் சாலையில் பாதிவழியில் திணறலாம். இதைத் திருப்பியும் சொல்லலாம்.

தேனிப் பக்கத்து ஏற்பாட்டில் தனிச்சிறப்பு அதன் படிக்கட்டு. உயரமும் பல்லும் பார்த்து மாடுகளை வகுப்பாகப் பிரிக்கிறார்கள்: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு என்று கன்றுகளுக்கான சிட்டு வகுப்புகள், அவற்றுக்கு மேலே கரிச்சான், அதற்கு மேல் நடுமாடு, உச்சியில் பெரியமாடு. படி ஏற ஏற ஓடும் தூரமும் பரிசும் கூடும். ஒரு கன்று தன் வயதுக்காரர்களோடு ஓடி, தோற்று, ஜெயித்து, அடுத்த படிக்குப் போகிறது. பழக்கத்தையும் போட்டியையும் இப்படிப் படிப்படியாக இணைத்த ஏற்பாடு மாட்டு விளையாட்டுகளில் அரிது.

பயிற்சி பெரும்பாலும் விடியலில், சாலையில் பஸ் போக்குவரத்துத் தொடங்குவதற்கு முன். கன்று முதலில் டயரையோ கட்டையையோ இழுத்து உழுத மண்ணில் நடக்கும். மண் காலை வாங்கும். காலை வாங்கினால் தொடை இறுகும். பிறகு எடை குறைந்த பந்தய வண்டியில், பழகிய மாட்டோடு. திருப்பத்தை மட்டும் தனியாகப் பலநாள் சொல்லித்தர வேண்டும். வளைவில் உள்பக்க மாடு அடியைச் சுருக்க வேண்டும், வெளிப்பக்க மாடு நீட்ட வேண்டும். இரண்டும் ஒரேபோல ஓடினால் வண்டி கவிழும். கயிற்றைப் பிடிக்கும் சாரதிக்குத் துணையாக இன்னொருவர் வண்டியோடு ஓடியும் ஏறியும் வருவார்; அவர் குரலும் மாட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். கிணற்றிலும் குளத்திலும் நீச்சல் விடுவது மூச்சுக்கு. மூட்டில் பாரம் விழாமல் நெஞ்சு விரியும் என்பதால் இந்தப் பயிற்சிகளில் மிகக் குறைவாகக் கெடுதல் செய்வது இதுதான். தீவனத்தில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்து, கொள்ளு. வீட்டுக்கு வீடு மாறும் கைமுறை ரகசியங்களும் உண்டு, அவற்றில் பலவற்றின் பலன் சொல்பவரின் நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இந்தப் பள்ளியின் பலவீனமும் அந்தப் படிக்கட்டிலேயே இருக்கிறது. பல் போடாத கன்றின் கால் எலும்பு நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. தார்ச்சாலையில் அடிக்கடி ஓடவிட்டால் மூட்டு வீங்கும். சிட்டு வகுப்பில் பேர்வாங்கிய கன்றுகள் பெரியமாடு ஆகும் வயதில் களத்தில் இல்லாமல் போவதற்கு அவசரம் ஒரு காரணம். இன்னொரு குறை கையில் தெரியும். வாலை முறுக்குவது, ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்துவது இவையெல்லாம் பழக்கம் தோற்ற இடத்தில் வருபவை. குரலுக்கு ஓடும் ஜோடியைப் பழக்கியவருக்குச் சாட்டை, காற்றில் ஓசை எழுப்பும் கருவி, அவ்வளவே.

வாடி

சங்க இலக்கியத்தில் கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலைப் பாடுகிறது. சின்னமனூரில் 1912-ல் பிறந்த சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் அதை நவீன உரைநடைக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் காளை களத்தில்தான் நிற்கிறது. அதை வளர்த்த கொட்டில் கதைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் கடினமான வேலை அங்கேதான் நடக்கிறது. ஒரே காளை வீட்டாரிடம் குழந்தையாகவும் அந்நியரிடம் எமனாகவும் இருக்க வேண்டும். அலைதாடியைச் சொறிந்துகொடுத்துப் பழக்கிய அதே கன்றை, வேறு யார் கைக்கும் கொடுக்காத கன்றாக வைத்திருக்க வேண்டும். எனவே ஒன்றரை, இரண்டு வயதில் தொடங்கி, கன்றைத் தொடுவோர் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். விருந்தாளி வந்து தட்டிக்கொடுக்கக் கூடாது.

மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறவிடுவது கழுத்துக்கும் திமிலுக்கும் உரம். நீச்சல், நெடுநடை இரண்டும் இங்கேயும் உண்டு. பெரிய ஊர்களில் வயலில் கட்டை நட்டுப் பயிற்சி வாடி அமைத்து, குறுகலான வழியில் நின்று, திறந்ததும் பாயப் பழக்குகிறார்கள். இந்தப் பயிற்சியில் காளையின் சுபாவம் இரண்டாகப் பிரிகிறது: திறந்ததும் நேரே பறந்துவிடும் மாடு ஒன்று, களத்திலேயே சுற்றிச் சுழன்று, அண்டவிடாமல் நின்று விளையாடும் மாடு மற்றொன்று. பார்ப்பவர்கள் கொண்டாடுவது இரண்டாவதை. அதை உண்டாக்கிவிட முடியாது. இருப்பதைக் கண்டுபிடித்துக் கெடுக்காமல் வைத்திருக்கத்தான் முடியும்.

இப்பள்ளியின் உண்மையான தேர்வு களத்துக்கு அப்பால் இருக்கிறது. வாடியைத் தாண்டி ஓடி, கூட்டத்தின் இரைச்சலில் வெறித்துப் போயிருக்கும் காளை, சேகரிக்கும் இடத்தில் தன் வீட்டுக் குரலைக் கேட்டதும் நின்று கயிற்றுக்குத் தலை கொடுக்க வேண்டும். பரிசு வாங்கிய காளை அன்று மாலைவரை பிடிபடாமல் தோட்டந்தோட்டமாக அலைந்தால், கொட்டிலில் பாடம் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள்.

சட்டம் இப்பள்ளியின் அளவைகளை மாற்றியது. 2009-ல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத் தடை. 2017 ஜனவரிப் போராட்டம், அதைத் தொடர்ந்த சட்டத் திருத்தம். 2023 மே 18-ல் அத்திருத்தம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. இப்போது கால்நடை மருத்துவரின் சோதனையில் தேறாத காளை வாடிக்குள் போக முடியாது. வீரர் திமிலை மட்டுமே அணைக்கலாம், வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. மருத்துவர் தொட்டுப் பார்க்க நிற்காத காளை வாசலிலேயே சிக்கலுக்கு உள்ளாகும் என்பதால், அந்நியர் கையை ஓரளவாவது பொறுத்துக்கொள்ளும் பாடத்தை வாடிக்காரர்கள் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பொதிக் குதிரை

தமிழ்நாடு குதிரை பிறக்கும் நாடாக இருந்ததில்லை. குதிரை வந்து இறங்கும் நாடாக இருந்தது. பட்டினப்பாலைக் காலத்திலேயே அது கடல்வழியே வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் துறைமுகங்களில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்துபோனதையும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் கதை இதே வணிகத்தின் நிழலில் பிறந்தது. ஏட்டில் அறிவுக்குக் குறைவில்லை: ஐந்து கதி, பதினெட்டுச் சாரி என்று நூல்கள் வகுத்தன, நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஏட்டறிவு அரண்மனை லாயத்தோடு நின்றது. குட்டியை வீட்டில் வைத்துப் பழக்கும் குடியானவர் மரபாக அது பரவவில்லை. இன்றும் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கைமாறும் குதிரைகளில் மார்வாரி, கத்தியவாரி போன்ற வடநாட்டு இனங்களுக்குத்தான் மவுசு.

போடி மலையில் குதிரை வந்தது சுமைக்காக. மூணாறு பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலிலும், அங்கிருந்து கோட்டகுடி அடிவாரம்வரை கம்பிவடத்திலும் இறங்கிய காலம் உண்டு. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் 1928-ல் வந்தது. சாலை எட்டாத மலைக்குடிகளுக்கும் ஏலத் தோட்டங்களுக்கும் அரிசியும் உரமும் ஏறியது, ஏலமும் காப்பியும் இறங்கியது குதிரை முதுகிலும் தலைச்சுமையிலும். சில மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரம்கூட அப்படித்தான் போகிறது.

பொதிக் குதிரைக்கு முதல் சில வாரம் வெறும் முதுகு. மணி கட்டிய மூத்த குதிரையின் பின்னால் பாதையில் நடந்து பழக வேண்டும். எங்கே ஓரம் சரியும், எந்த ஓடையில் பாசி பிடித்த பாறை என்று அதன் அடியைப் பார்த்துக் கற்கும். அடுத்து வெற்றுச் சேணம். வயிற்றுக்கச்சையை இறுக்கும்போது குட்டி மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைக்கும். நாலு அடி நடத்திவிட்டு மறுபடி இறுக்காவிட்டால் பாதிவழியில் சேணம் புரளும். அதன்பிறகு உமி நிரப்பிய சாக்கு: கனமில்லை, அகலம் மட்டும். மரத்திலும் பாறையிலும் சாக்கு உரசும்போது தன் உடம்பு எவ்வளவு அகலமாகிவிட்டது என்று குதிரை தெரிந்துகொள்கிறது. இந்தப் பாடத்தைத் தாண்டிய பிறகே கனம். இரு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும். கிலோ கணக்கில் வேறுபட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும். கோவேறு கழுதை பெரும்பாலும் வளர்ந்த நிலையில்தான் விலைக்கு வருகிறது; முன்பு யார் எப்படிப் பழக்கினார்கள் என்பதும் அதோடு சேர்ந்து வருகிறது.

அளவைகள்

பள்ளிக்குப் பள்ளி அளவை மாறினாலும் எழுதப்பட்ட சில எல்லைகள் எல்லாருக்கும் பொது. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த பார, பொதி விலங்கு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று பொதிக்கு வரம்பு வைத்தன. பொதி எருது சிறியதானால் 100 கிலோ, நடுத்தரமானால் 150, பெரிதானால் 175. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 பாகை செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை கூடாது. வயதுக்கு ஏற்ற வரம்பை இந்த விதிகள் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைப் பந்தயக் குழுக்களின் பல் பார்க்கும் வழக்கம்தான் ஓரளவு நிரப்புகிறது. அதுவும் போட்டி நாளுக்கு மட்டும். பயிற்சி நாட்களுக்கு வரம்பு வைப்பது வளர்ப்பவரின் மனசாட்சி.

புதிதாகச் சேர்ந்திருக்கும் அளவை வாகனம். முன்பு காளை நடந்தே களத்துக்குப் போகும். இப்போது மினிவேனிலும் லாரியிலும் போகிறது. ஏற மறுக்கும் கன்றைத் தள்ளியும் வாலை முறுக்கியும் ஏற்றினால், களத்துக்குப் போய்ச் சேரும்போதே அது பாதி களைத்திருக்கும். தேர்ந்தவர்கள் வண்டியைக் கொட்டில் பக்கத்தில் பள்ளத்தில் நிறுத்தி, தட்டும் தரையும் மட்டமாக வரும்படி செய்து, உள்ளே வைக்கோல் பரப்பி, சில நாட்களுக்குத் தீனியை அங்கேயே வைக்கிறார்கள். கன்று தானாக ஏறி, தின்று, இறங்கும். பிறகு இன்ஜினைப் போட்டுவிட்டு வண்டியை நகர்த்தாமல் தீனி. பிறகு தெருக்கோடிவரை ஓட்டம். தலையை முன்பக்கம் வைத்துக் கட்டுவதா, குறுக்காகவா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கயிறு, கன்று படுத்தால் கழுத்தை இறுக்காத அளவு நீளமாகவும், காலில் சிக்காத அளவு குட்டையாகவும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாப் பள்ளிக்காரர்களும் ஒத்துப்போகிறார்கள்.